ஆமாம் என்று அழுத்தியவள்

அந்த மருத்துவமனையில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. சாவியக்கா என்றால்தான் தெரியும். கணினிப் பிரிவின் உதவி மேசையில் அவளுக்கு வேலை. பாஸ்வேர்டை மறந்தவர்கள், போனைத் தொலைத்தவர்கள், புதுப் போன் வாங்கிவிட்டு உள்ளே நுழைய வழி தெரியாமல் முழிப்பவர்கள் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "சாவியக்கா, வெளிய நிக்கறேன், கொஞ்சம் திறந்து விடுங்க" என்பார்கள். குளுகுளு அறையில், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் அப்படிச் சொல்வது. "முதல்ல நீங்க யாருன்னு நிரூபிங்க, அப்புறம் கதவு" என்று அவளும் சிரிப்பாள்.

அவள் கணவர் அதே கட்டடத்தில், கீழ்த்தளத்து எக்ஸ்ரே பிரிவில் இருந்தார். காலையில் இருவரும் ஒரே பைக்கில் வந்து இறங்குவார்கள். அவருக்குக் கிண்டல் அதிகம். ஆள் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அவளுடைய மேசைக்குப் போன் போட்டு, குரலை மாற்றிக்கொண்டு, "எக்ஸ்ரேல இருந்து பேசறேங்க. எம் பொண்டாட்டி பொறந்த நாள் மறந்துபோச்சு. ரீசெட் பண்ணித் தர முடியுமா?" என்பார். "அதுக்கெல்லாம் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும் சார்" என்று அவள் போனை வைத்துவிடுவாள். பக்கத்து மேசையில் இருக்கும் கண்ணாடிக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு வேலைநாள் காலையில் அவர் மாடிப்படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கூட வேலை செய்தவர்களே தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினார்கள். அவளுடைய மேசைக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள், லைன் கிடைக்கவில்லை. பிசியோதெரபி பெண் ஒருத்திக்கு அவள் புதுப் போனில் ஆப் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அவசரப்படாதீங்க, நான் லைன்லதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது எக்ஸ்ரே உதவியாளர் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். ஒரு நிமிஷம் என்று அவள் விரலைக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு வேலை முடிந்ததும்தான் போனை வைத்துவிட்டு எழுந்தாள்.

அந்த ஒரு நிமிஷத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அவள் அதைக் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார். "சரிங்க டாக்டர்" என்றாள்.

அப்போது தொடங்கியதுதான் அந்த 'சரி'. அழுகை வரும் வரும் என்று எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. பல் பிடுங்குகிற இடத்தில் ஊசி போட்ட பிறகு உதடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாதே, அதுபோல உடம்பு முழுக்க ஒரு மரப்பு. சாப்பிடுகிறாயா என்றால் ஆமாம். தூங்குகிறாயா என்றால் ஆமாம். நாத்தனார் வந்து பீரோவைத் திறந்து, "அண்ணனோட சட்டையெல்லாம் சும்மாதானே இருக்கு, எடுத்துக்கட்டுமா?" என்றாள். ஆமாம். "பைக்கும் வெயில்ல நின்னு வீணாப் போகுது. எம் பையன் ஓட்டட்டுமே அண்ணி?" அதற்கும் ஆமாம்.

மகன் சாயங்காலம் தான் வேலை பார்க்கும் டயர் கடையிலிருந்து வந்து வாசலில் பைக் நின்ற இடத்தைப் பார்த்தான். எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. உள்ளே வந்து கைகழுவினான். ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

உறவுக்காரர்கள் கிளம்பிப் போனதும் அவள் வேலைக்குத் திரும்பினாள். "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாமே" என்றார்கள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? மேசை அப்படியேதான் இருந்தது. அழைப்புகளும் அப்படியேதான் வந்தன. யாரும் இப்போது கிண்டல் பேசவில்லை, அவ்வளவுதான்.

வந்த வாரமே பணியாளர் பிரிவிலிருந்து ஒரு வேலை அவளுடைய வரிசையில் வந்து விழுந்தது. 'பணியில் இல்லாதவர், கணக்கை மூடவும்.' கீழே அவருடைய பணி எண். அனுப்பியவருக்கு அது யார் என்று தெரிந்திருக்காது.

கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். "அக்கா, அதை எனக்குத் தள்ளுங்க. நான் முடிச்சுடறேன்."

"பரவால்ல. எனக்கு வந்ததுதானே."

அந்த மருத்துவமனையில் நோயாளிகளின் விவரங்களைப் பார்க்க வெறும் பாஸ்வேர்டு போதாது. கூடவே இன்னொரு சாட்சி வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் இதை வழக்கமாக ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்: "ஒருத்தர் யாருன்னு மூணு விதமாத்தாங்க கண்டுபிடிக்க முடியும். உங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணு, அதான் பாஸ்வேர்டு. உங்க கையில இருக்கறது ஒண்ணு, போன் மாதிரி. உங்க உடம்பாவே இருக்கறது ஒண்ணு, ரேகை, முகம். இதுல ரெண்டு விதம் சேர்ந்தா உள்ள விடுவோம்."

அவருடைய கணக்கைத் திறந்தாள். பாஸ்வேர்டை அழிப்பதற்கு முன் கூடவே பதிந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். போன். நீக்கவா என்று திரை கேட்டது, ஆமாம் என்றாள். அடுத்தது வலது கை ஆள்காட்டி விரல். அதைப் பதிந்துகொடுத்தது அவள்தான். விரல் ஈரமாக இருக்கிறது, பதியமாட்டேன் என்கிறது என்று அன்றைக்கு அவர் விரலைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்லியிருந்தாள். நீக்கவா? ஆமாம். இதைத் திரும்பப் பெற முடியாது, நிச்சயமாக நீக்கவா? ஆமாம். வேலை முடிந்தது என்று குறித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள். கண்ணாடிக்காரர்தான் எழுந்து போய் வெகுநேரம் முகம் கழுவிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகன் கூடத்தில் படுத்திருந்தான். மேடைமேல் இருந்த போன் கிணுகிணுத்தது. மருத்துவமனை ஆப். 'உள்ளே நுழைய முயல்வது நீங்கள்தானா?' கீழே இரண்டு பொத்தான்: ஆமாம், இல்லை.

அவள் நுழையவில்லை. இல்லை என்று அழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி. இல்லை. மறுபடி. கை ஈரத்தைத் துடைத்துவிட்டு அழுத்தினாள். மறுபடி.

இதற்கு என்ன அர்த்தம் என்று அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. எவனோ ஒருவன் கையில் அவளுடைய பாஸ்வேர்டு இருக்கிறது. இரண்டாவது கதவில் வந்து தட்டிக்கொண்டிருக்கிறான். அலுத்துப்போய்த் திறப்பாள் என்று காத்திருக்கிறான். இப்படி வந்தால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள் என்று எத்தனையோ பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். பாஸ்வேர்டு எப்படிப் போனது என்பதும் பிறகுதான் தெரிந்தது. அந்த வாரம் வந்த ஒரு மின்னஞ்சலைத் திறந்து, அசல் மாதிரியே இருந்த போலிப் பக்கத்தில் அவளே தட்டிக் கொடுத்திருந்தாள். தட்டியது அவளுக்கு நினைவே இல்லை.

"என்னம்மா, போன் கத்திக்கிட்டே கெடக்கு?" என்று மகன் கூடத்திலிருந்து கேட்டான்.

"ஒண்ணுமில்லடா."

ஆமாம் என்று அழுத்தினாள். போன் அடங்கியது. அந்த அமைதி அவளுக்கு இதமாக இருந்தது. மிச்சமிருந்த பீன்ஸை நறுக்கி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் மருத்துவமனையே வாசலில் நின்றது. உள்ளே புகுந்தவன் அவளுடைய அதிகாரத்தை வைத்தே பெரிய பொறுப்பில் இருந்தவர்களின் போன்களை நீக்கிவிட்டுத் தன் போனைப் பதிந்துகொண்டிருந்தான். அவர்கள் வழியாக மற்றவர்களையும் பூட்டிவிட்டான். யார் எந்த டாக்டரைப் பார்க்க வந்திருக்கிறார்கள், யாருக்கு என்ன மருந்து, எதையும் திறக்க முடியவில்லை. பழையபடி பேனாவும் தாளுமாக வேலை நடந்தது. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப் போட்டார்கள். அன்றைக்கு நல்லவேளையாக யார் உயிருக்கும் எதுவும் ஆகவில்லை.

தாழ்வாரத்தில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவருக்குப் பரிசோதனை முடிவு வர வேண்டும். அதை வைத்துத்தான் அவரைச் சேர்ப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். காலையில் சாவியக்கா அந்த வழியாகப் போனபோது இருந்தார்கள். மத்தியானமும் இருந்தார்கள். அந்த அம்மாள் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பாவம் என்று தோன்ற வேண்டிய இடம் இது என்று சாவியக்காவுக்குப் புரிந்தது. தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு முதன்முதலாகக் கொஞ்சம் பயமாக இருந்தது.

நேராக மேலாளர் அறைக்குப் போனாள். மேலாளர் அம்மா இரண்டு போன்களில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்.

"மேடம், சனிக்கிழமை எனக்குத்தான் கேட்டுக் கேட்டு வந்துச்சு. நான்தான் ஆமாம்னு அழுத்துனேன்."

மேலாளர் இரண்டு போன்களையும் கீழே வைத்தார். "தெரியாம கை பட்டுடுச்சா?"

"இல்லைங்க. தெரிஞ்சுதான் அழுத்துனேன்."

"ஏன்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். "சத்தம் நிக்கணும்னு தோணுச்சு மேடம். வேற ஒண்ணும் தோணல."

மேலாளர் திட்டுவதற்கு வாயெடுத்தவர் போலத்தான் இருந்தது. "உக்காருங்க" என்றார். அவள் உட்கார்ந்தாள். போன் மறுபடி அடித்தது.

அன்று சாயங்காலம் மகனிடமும் சொன்னாள். வேலை போனாலும் போகும் என்றாள். அவன் தட்டில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"பைக்கைக் கேட்டாங்க, குடுத்துட்ட. சட்டையக் கேட்டாங்க, குடுத்துட்ட. எவனோ ஒருத்தன் ஆஸ்பத்திரியக் கேட்டான், அதையும் குடுத்துட்ட" என்றான். குரலை உயர்த்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா? எனக்கு அந்த நீலச் சட்டை வேணும்னு தோணியிருக்காதா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"தெரியலடா. கேட்டா நீ அழுவியோ என்னமோ."

அவன் எழுந்து போய் அவள் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தான். மறுநாள் அவனே அத்தை வீட்டுக்குப் போய் வந்தான். பைக்கைக் கேட்கவில்லை. நீலச் சட்டையை மட்டும் வாங்கி வந்து தன் அலமாரியில் மடித்து வைத்துக்கொண்டான். நாத்தனார் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தாள்.

வேலை போகவில்லை. உள்ளே புகுந்தவன் யார் என்று கடைசிவரை பிடிபடவில்லை. அவன் பதிந்த போன்களை எல்லாம் துரத்திவிட்டுக் கதவுகளை மறுபடி பூட்டச் சில நாள் ஆனது. யாருடைய பூட்டையும் திறக்கும் அதிகாரம் இனி அவளுக்கு இல்லை என்று எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வேறொரு வேலையைத் தலையில் கட்டினார்கள். வெறும் ஆமாம், இல்லை என்று கேட்கும் முறையை மருத்துவமனை முழுக்க ஒழித்துவிடுவதாக முடிவாகியிருந்தது. ஒவ்வொரு பிரிவாகப் போய், ஆள் ஆளாக உட்கார வைத்து, யாருக்கு எது சரிப்படும் என்று பார்த்து மாற்றிவிட வேண்டும்.

"தண்டனைன்னு நினைச்சுக்காதீங்க" என்றார் மேலாளர்.

"நினைக்கல மேடம்" என்றாள். எதையும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை.

பை நிறையச் சின்னச் சின்னச் சாவிகளுடன் வார்டு வார்டாக ஏறி இறங்கினாள். பென்டிரைவ் மாதிரி இருக்கும். கணினியில் செருகி விரலால் தொட்டால் போதும். போலிப் பக்கமாக இருந்தால் அந்தச் சாவி வாயே திறக்காது. "மனுஷனை ஏமாத்தலாம். இது அட்ரஸ் சரியான்னு பாத்துட்டுத்தான் பேசும்" என்று எல்லோருக்கும் சொன்னாள். எப்போதும் கையில் போன் இருக்கிறவர்களுக்கு ஆப்பையே விட்டுவைத்தாள். ஆனால் இப்போது கணினித் திரையில் ஓர் எண் வரும். அதைப் போனில் தட்டினால்தான் திறக்கும். திரைக்கு முன்னால் இல்லாதவர்களுக்கு எண் தெரியாது. தூக்கக் கலக்கத்தில் அழுத்திவிடவும் முடியாது. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. சிம் கார்டையே வேறொருவன் தன் பெயருக்கு மாற்றி வாங்கிவிட்டால் ஓடிபி அவனுக்குப் போய்விடும் என்று விளக்கினாள். "சும்மா இருக்கறதுக்கு அது தேவலைதான். இங்க அது பத்தாது."

அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைமை டாக்டர் மட்டும் இடக்குப் பண்ணினார். "எனக்கு இதெல்லாம் வேண்டாம். பாஸ்வேர்டு கேளுங்க, கூடவே எங்கம்மா பேர் கேளுங்க. ரெண்டு ஆச்சுல்ல?"

"ரெண்டும் உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம் சார். ஒரே விதம்தான். உங்க அம்மா பேர் உங்க சொந்தக்காரங்க எல்லாருக்குமே தெரியும்."

"எனக்கு மட்டும் விட்டுடுங்க. நான் சொல்றேன்ல."

இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் சரிங்க சார் என்று வந்திருப்பாள். வாய்வரை வந்ததும் அதுதான். "இல்லைங்க சார், முடியாது" என்றாள். சொன்ன பிறகு கோபமோ தைரியமோ எதுவும் இல்லை. நாக்கில் ஒரு சின்ன அன்னியச் சுவை மட்டும் இருந்தது. டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே சாவியை வாங்கி அடையாள அட்டை தொங்கும் கழுத்துப்பட்டையில் மாட்டிக்கொண்டார்.

எக்ஸ்ரே பிரிவுக்கும் போனாள். தள்ளிப் போடவில்லை. அவருடைய நாற்காலியில் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவளை யாரென்று தெரியாது. "கொஞ்சம் இருங்க மேடம், ஒரு முழங்கால் பாக்கியிருக்கு" என்றார். அவள் காத்திருந்தாள். எக்ஸ்ரே உதவியாளர் அவளைப் பார்த்ததும் கையில் இருந்ததை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். புதியவருடைய விரல் முதல் தடவையிலேயே பதிந்தது. "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதாங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்த மாடிப்படி வழியாகத்தான் ஏறினாள்.

சலவைப் பிரிவு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு போகிறது என்று அங்கேயும் ஒரு கணினியில் ஏற்றியாக வேண்டும். நீராவியும் சோப்பு வாசனையுமாக, பேச வேண்டுமென்றால் காதருகே வந்துதான் பேச வேண்டும். அங்கே மேற்பார்வை பார்த்த பருமனான அம்மாள் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். கருவி ஒவ்வொரு முறையும் மறுத்தது.

"வராதும்மா. இத்தனை வருஷ வெந்நியும் சோப்புக் காரமும் ரேகைய எல்லாம் தேச்சு எடுத்துடுச்சு" என்று அந்த அம்மாள் விரல்களை விரித்துக் காட்டினாள். வழவழவென்று இருந்தன. "போனும் கொண்டுவரமாட்டோம். நனைஞ்சு போகும்."

"உங்களுக்கு இந்தச் சாவிதான் சரி. கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுக்கோங்க. ஈரம் பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"தொலைஞ்சா?"

"உடனே எங்களைக் கூப்பிடுங்க. இன்னொண்ணு பதிஞ்சு பத்திரமா மேல வெச்சிருப்போம்."

அந்த அம்மாள் செருகி, தொட்டு, உள்ளே போய்ப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, எதையோ விசாரிப்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள். "உங்க வீட்டுக்காரர்தானேம்மா எக்ஸ்ரேல இருந்தவரு? எப்படி இருக்கீங்க இப்போ?"

நல்லா இருக்கேன் என்றுதான் இத்தனை நாளும் எல்லோருக்கும் சொல்லிவந்தாள்.

"தெரியலைங்க" என்றாள். "எனக்கே தெரியமாட்டேங்குது. ஒண்ணுமே தெரியமாட்டேங்குது."

அந்த அம்மாள் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வந்து விழுந்திருந்த விரிப்புகளில் ஒன்றை எடுத்து ஒரு முனையை அவளிடம் நீட்டினாள். "ஆள் ஒருத்தி இன்னிக்கு வரல. ஒரு கை பிடிக்கறீங்களா?"

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு முனையைப் பிடித்தாள். விரிப்பு சூடாக இருந்தது. இழுத்து, நீவி, இரண்டாக மடித்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். அடுத்ததை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் யாரும் சொல்லாமலே இருவருக்கும் ஒரு தாளம் பிடிபட்டது. இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. மேலே அவளைத் தேடியிருப்பார்களோ என்னவோ, தெரியாது. வண்டி நிறையும்வரை அவள் அங்கேயே நின்று மடித்துக்கொண்டிருந்தாள்.